பாம்புக்குப் பெயர் வைப்பதும் மனிதருக்குச் சாதி வைப்பதும்

(கிண்டியில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உயிரியலாளர்கள் உயிரினங்களை எப்படி அடையாளம் கண்டு வகைப்படுத்துகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நான் பாம்புகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். களப்பணிக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி, "பயமா இல்லையா தம்பி?" இரண்டாவது கேள்வி, கொஞ்சம் சுற்றி வளைத்து, "நீங்க எந்தப் பக்கம்? அங்க எந்தத் தெரு?" பாம்பை அடையாளம் காண வந்தவனையே முதலில் அடையாளம் கண்டுவிடப் பார்க்கிறார்கள். அதனால் இந்த இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் எனக்கு ஆர்வம் உண்டு.

சொற்களில் இருந்து தொடங்குகிறேன். சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இதில் குடும்பம், வகுப்பு, இனம் மூன்றும் மனிதர்களைப் பற்றிப் பேசவும் நாம் எடுக்கிற சொற்கள். வகுப்புவாரி உரிமை என்கிறோம், இனச்சான்று என்கிறோம். 'சாதி' என்ற சொல் இன்னும் வெளிப்படையானது. ஜாதி நாய்க்குட்டி விற்பனைக்கு என்று பலகை பார்க்கிறோம். பூக்கடையில் சாதிமல்லி கேட்கிறோம். ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்கிறார்களே, அது போர்த்துகீசியரின் 'காஸ்டா'விலிருந்து வந்தது. வம்சம், கால்வழி என்று பொருள். நாயையும் பூவையும் ரகம் பிரிக்கிற சொல்லையே மனிதர் மேலும் போட்டிருக்கிறோம். அதனால்தான் "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்று சாதிச் சங்க மாநாட்டில் முழங்க முடிகிறது. "ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கு, இயற்கையே வித்தியாசமாத்தானே படைச்சிருக்கு" என்று படித்தவர்களும் பேச முடிகிறது.

இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள் அல்லவா? சரி, இயற்கையை ஆராய்கிறவர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

அடையாளம் காண்பது ஒரு வேலை, வகைப்படுத்துவது வேறு வேலை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மழைக்காலத்தில் வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குள் பாம்பு நுழைகிறது என்று வையுங்கள். கருத்த உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். அது கட்டுவிரியனாக இருக்கலாம். நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பாகவும் இருக்கலாம். ஓநாய்ப் பாம்பில் பட்டைகள் கழுத்தருகிலேயே தொடங்கிவிடும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் தலைக்குச் சற்றுத் தள்ளித்தான் தெளிவாகத் தெரியும். ஆனால் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. பட்டையே மங்கிப்போன கட்டுவிரியன்களும் உண்டு. அப்போது முதுகைப் பார்க்க வேண்டும். கட்டுவிரியனின் முதுகுத் தண்டின் மேல் ஓடுகிற நடு வரிசைச் செதில்கள் பெரிதாக, ஆறு பக்கமாக இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு அப்படி இருக்காது. இறந்த பாம்பு கையில் இருந்தால் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே ஒரு சிறு செதில் இருக்கிறதா என்று பார்ப்போம். ஓநாய்ப் பாம்புக்கு உண்டு, கட்டுவிரியனுக்குக் கிடையாது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது உண்மை. ஆனால் கையில் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் அண்ணன் ஒருவர். "தம்பி, வெள்ளையைப் பாக்காத, முதுகைப் பாரு" என்பார். வயல் வரப்பில் தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவார். உரித்துப் போட்ட சட்டையின் ஒரு துண்டு அவருக்குப் போதும். எங்கள் ஆய்வகத்தில் அதே துண்டை வைத்துக்கொண்டு, உருப்பெருக்கியும் கையேடுமாக அரை நாள் உட்காருவோம்.

இது பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பல நேரம் வலிகூடத் தெரியாது. 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்று கணக்கிட்டது. கட்டிலும் கதவும் கான்கிரீட் தளமும் இருக்கிற வீட்டுக்காரர்கள் அந்தக் கணக்கில் குறைவாகத்தான் இருப்பார்கள். யார் தரையில் படுக்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி வகைப்படுத்தல். தமிழில் கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மூன்றையும் விரியன் என்கிறோம். உயிரியலாளர்கள் கட்டுவிரியனை விரியன் குடும்பத்தில் வைப்பதில்லை. நல்ல பாம்பின் குடும்பத்தில் வைக்கிறார்கள். நஞ்சுப் பல்லின் அமைப்பு, மரபணு எல்லாம் அதைத்தான் காட்டுகின்றன. 1859-இல் டார்வின் எழுதிய பிறகு வகைப்படுத்தல் என்பது பங்காளி உறவைத் தேடுகிற வேலையாகிவிட்டது. எவை பொது மூதாதையிலிருந்து பிரிந்தவை, எப்போது பிரிந்தவை என்பதுதான் கேள்வி. அதில் மேல் கீழ் கிடையாது. நல்ல பாம்பு உயர்ந்தது, சாரைப்பாம்பு தாழ்ந்தது என்று எந்த ஆய்வேடும் சொல்லாது.

இன்னொன்று முக்கியம். ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைக்கிறவர் தன் ஆதாரத்தை எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும். எந்த உடலைப் பார்த்துப் பெயர் வைத்தார், அது எந்த ஊரில் கிடைத்தது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். நாளைக்கு ஒரு மாணவி போய் அந்த உடலைத் திரும்ப அளந்து, "நீங்கள் சொன்னது தவறு" என்று எழுதலாம். ராஜநாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1836-இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். ஒரே சிற்றினம் என்றுதான் 188 ஆண்டுகள் இருந்தது. 2024 அக்டோபரில், மரபணுவையும் உடல் அமைப்பையும் ஒப்பிட்டு, இது நான்கு சிற்றினங்கள் என்று ஓர் ஆய்வுக்குழு வெளியிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்கு ஓபியோஃபேகஸ் காளிங்கா என்று பெயர். காளிங்கா என்பது கன்னட மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர். இதையும் நாளைக்கு யாராவது மறுக்கலாம். மறுத்தால் ஊரை விட்டுத் தள்ளி வைக்க மாட்டார்கள்.

இவ்வளவு நேர்மையான அறிவியலா என்று நீங்கள் மயங்கிவிட வேண்டாம். யாருடைய அறிவில் இந்தப் பெயர்கள் ஏறி நிற்கின்றன என்று கேட்டால் கதை மாறும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் பேட்ரிக் ரஸ்ஸல், 1796-இல் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிப் படங்களோடு புத்தகம் போட்டார். ஒவ்வொரு பாம்புக்கும் உள்ளூர்ப் பெயரைக் குறித்து வைத்தார். அந்த அளவுக்கு நல்ல மனிதர். சுருட்டை விரியனுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர், 1801-இல். அவர் அடிப்படையில் கிரேக்க மொழி அறிஞர். அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்படும் ஊர் நம்முடைய ஆரணி. கட்டுவிரியனின் பேரினப் பெயர் பங்காரஸ். தெலுங்கில் தங்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கண்ணாடி விரியன் ரஸ்ஸலின் பெயரையே சுமக்கிறது. ஆரணியிலோ விசாகப்பட்டினத்திலோ அந்தப் பாம்புகளைப் புற்றிலிருந்து எடுத்து, பெயர் சொல்லி, கூடையில் போட்டுக் கொடுத்தவர் யார்? பெயர் இல்லை. பாம்பைக் கையால் தொடுகிற வேலையை இந்த ஊரில் யார் செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்ற 12 தொகுதி நூலை வெளியிட்டார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதன் முதன்மைத் தகவலாளர் இட்டி அச்சுதன், ஈழவ மருத்துவர். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதி. தன் குடும்பத்து ஏடுகளிலிருந்தும் தன் அனுபவத்திலிருந்தும் சொன்னதாக 1675-இல் அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் கோலெழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. மூன்று கொங்கணி பிராமண மருத்துவர்களின் சான்றும் இருக்கிறது. ஆனால் செடியைக் காட்டியவர் அச்சுதன். பிறகு லின்னேயஸ் செடிகளுக்குப் பெயர் வைத்தபோது இந்த நூலைப் பயன்படுத்திக்கொண்டார். நவீன தாவரவியலின் அடித்தளத்தில் ஓர் ஈழவரின் ஓலைச்சுவடி கிடக்கிறது. நம் பாடநூலில் லின்னேயஸ் இருக்கிறார், அச்சுதன் இல்லை.

1928-இல் எர்ன்ஸ்ட் மேயர் என்ற இளம் ஜெர்மானியர் நியூகினியின் ஆர்ஃபக் மலைக்குப் பறவை சேகரிக்கப் போனார். அவர் அங்கே 137 சிற்றினங்களைப் பிரித்தறிந்தார். அந்த மலைவாசிகள் 136-க்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த அனுபவத்தை மேயர் மறக்கவில்லை. சிற்றினம் என்பதற்கு இன்று பாடநூல்களில் இருக்கும் வரையறையை 1942-இல் வகுத்தவர் அவர்தான்: இயற்கையில் தமக்குள் இனப்பெருக்கம் செய்கிற, மற்றவற்றோடு செய்யாத கூட்டம். இந்த வரையறையை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இங்கே கிண்டியில், 1972 முதல் இயங்கும் பாம்புப் பண்ணை உங்களுக்குத் தெரியும். அதே 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடையானது. தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார்கள். வடநெம்மேலியில் இருக்கிறது. நான்கு வகை நச்சுப் பாம்புகளைப் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சுதான் பெருமளவு மூலப்பொருள். ஒரு கட்டுவிரியனை ஓநாய்ப் பாம்பிலிருந்து பிரிக்கத் தெரியாத கை அந்த வேலையைச் செய்ய முடியாது. 2017 தொடக்கத்தில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க உள்ளூர்க்காரர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் ஆய்வேடுகளின் ஆசிரியர் பட்டியலில் இருளர் பெயரைத் தேடிப் பாருங்கள். நன்றியுரைப் பகுதியில், அதுவும் கடைசியில், 'உள்ளூர் உதவியாளர்கள்' என்று இருக்கும்.

இதுவரை மனிதர் பாம்பை வகைப்படுத்தினார். அதே கை மனிதர் பக்கம் திரும்பியதைப் பார்ப்போம்.

தொல்காப்பியத்தின் மரபியலை நம் மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். புல்லும் மரமும் ஓரறிவு, படிப்படியாக மனிதருக்கு ஆறறிவு என்று உயிர்களைப் புலன்களை வைத்துப் பிரித்த நூல். நியாயமான பெருமைதான். ஆனால் அதே மரபியலின் பிற்பகுதியில் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்று நால்வருக்கு உரியவை வரிசையாக வருகின்றன. அவை இடைச்செருகல் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். செருகியவருக்கு அவற்றைச் செருகப் பொருத்தமான இடமாக உயிரினங்களைப் பிரிக்கும் இயல் தோன்றியிருக்கிறது, பாருங்கள். லின்னேயஸும் 1735-இல் மனிதரைக் கண்டத்தையும் நிறத்தையும் வைத்து நான்காகப் பிரித்தார். 1758-இல் ஒவ்வொன்றுக்கும் குணம்கூட எழுதினார். ஐரோப்பியரைப் புத்திசாலி என்று எழுதியதை ஊகித்திருப்பீர்கள். நல்ல பாம்புக்கு அறிவியல் பெயர் வைத்ததும் அதே 1758 பதிப்பில்தான்.

நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வருவோம். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளர். மருத்துவம் படித்தவர், மன்னார் வளைகுடாவின் கடல் உயிரிகளை ஆராய்ந்தவர். பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டு மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளக்கக் கிளம்பினார். ரங்காச்சாரியின் உதவியோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அகர வரிசையில், உயிரினக் கையேடு மாதிரி. அதன் முன்னுரையில் அவரே வேடிக்கையாகச் சில சம்பவங்களைச் சொல்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் சிறந்தவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்தார்களாம். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கருவியைத் தூக்குமரம் என்று சொல்லி, அதில் நிற்க மறுத்துவிட்டாராம். தர்ஸ்டனுக்கு அது சிரிப்பு. எனக்கு அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று படுகிறது. பஞ்சடைத்த புலியும் கரடியும் நிற்கிற கட்டடத்தின் அதிகாரி ஒருவர் அளவுகோலோடு வந்தால் வேறென்ன நினைப்பார்கள்?

அந்தக் காலத்தில் ரிஸ்லி என்ற அதிகாரி, மூக்கு அகலமாக அகலமாகச் சாதி அந்தஸ்து குறைகிறது என்றே எழுதினார். ஆரிய இனக் கதைக்கு அது வசதியாக இருந்தது. பார்ப்பனர்களில் பலருக்கும் அது பிடித்திருந்தது. இதற்கு அளவுகளை வைத்தே பதில் சொன்னவர் அம்பேத்கர். 1948-இல் தீண்டப்படாதார் பற்றிய நூலில், குர்யே தொகுத்திருந்த மூக்களவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த எண்களே பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்றுதான் காட்டுகின்றன என்று வாதிட்டார். மூக்களவே இன்று குப்பைக்குப் போய்விட்டது. 1972-இல் லெவன்டின் காட்டியதுபோல், மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

ஆனால் அம்பேத்கரின் இன்னொரு வாதம் இன்றும் நிற்கிறது. 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் சாரம் அகமணம் என்றார் அவர். அப்போது அவருக்கு 25 வயது. 2013-இல் ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் சேர்ந்து, 73 மக்கள்கூட்டங்களின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். பிறகு கலப்பு அடைபடுகிறது. அதாவது ஒரு கதவு இருந்தது, யாரோ சாத்தினார்கள். இந்த ஆய்வைக் காட்டிச் "பார், சாதி ரத்தத்திலேயே இருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சாத்திய கதவின் தடம். அடைத்து வைத்ததால் சில பரம்பரை நோய்கள் அதிகமாகின. வேறு சிற்றினம் ஒன்றும் உருவாகவில்லை.

இப்போது மேயரின் வரையறைக்குத் திரும்புவோம். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் ஒரே வரப்பில் வாழ்கின்றன. அவை ஒன்றோடொன்று சேராமல் இருக்கப் பஞ்சாயத்து தேவையில்லை. அரிவாளும் தேவையில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே சங்கரை வெட்டிக் கொன்றார்கள். இயற்கையாகவே வேறுவேறு என்றால் ஆள் வைத்து வெட்ட வேண்டிய அவசியம் என்ன? சாதி காப்பாற்ற வருகிறவர்களுக்கு உயிரியல் நன்றாகத் தெரியும். மனிதர்கள் காதலிப்பார்கள், குழந்தை பெறுவார்கள் என்று தெரிந்ததால்தான் கொல்கிறார்கள்.

கேள்வி நேரத்தில் எப்படியும் ஒருவர் கேட்பார்: சாதி உயிரியலில் இல்லை என்றால் சாதிச் சான்றிதழ் எதற்கு, இட ஒதுக்கீடு எதற்கு? பாம்புக்கு நாம் வைத்த பெயரால் பாம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. மனிதருக்கு வைத்த பெயரால் நிலம் போகிறது, பள்ளி போகிறது, உயிர் போகிறது. அந்த இழப்பைக் கணக்கெடுக்கவும் ஈடு செய்யவும் பட்டியல் வேண்டும். அதனால் நான் சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு ஆதரவானவன். எனக்குப் பிரச்சினை, அந்தப் பட்டியலை அரசு எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதில்தான்.

ஒரு சமூகத்தைப் பழங்குடி என்று ஏற்க 1965-இல் லோகூர் குழு ஐந்து அளவுகோல்களை வைத்தது. ஆதிகாலத்து இயல்புகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இன்றும் இவைதான். அடையாளக் கையேடு மாதிரியே இருக்கிறது இல்லையா? நிலம் பறிக்கப்பட்டதா, கொத்தடிமையாக இருந்தார்களா என்ற கேள்வியே இல்லை. கூச்சப்படுகிறார்களா என்று கேட்கிறது. ஃபுளோரிடாவுக்கு விமானம் ஏறிப்போன மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அந்தச் சோதனையில் என்ன மதிப்பெண் வாங்குவார்கள்?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். நம் மாநிலத்தில் பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையில் இருக்கிறது. அதற்காகக் குடும்பங்கள் வருடக்கணக்கில் அலைகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கல்லூரியில் சேரச் சான்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனான். ஜீன்ஸ் போட்டிருந்தான். "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்டார்களாம். "இல்ல சார், படிக்கிறேன்" என்றிருக்கிறான். "அப்புறம் எப்படி இருளர்?" தர்ஸ்டன் கையில் அளவுகோலாவது இருந்தது. பழங்குடி மரபுகளோடு ஒருவருக்கு உள்ள ஒட்டுறவைச் சோதித்துப் பார்ப்பதே இறுதி அளவுகோல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு இந்த மேசை வரைக்கும் வந்து சேரவில்லை.

லோகூர் குழு அன்றே பரிந்துரைத்த இன்னொரு சமூகம் நரிக்குறவர். அவர்களைப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் 2022 டிசம்பரில்தான் நிறைவேறியது. 57 ஆண்டுகள். ராஜநாகத்துக்கு 188 ஆண்டுகள் ஆனதே என்று சொல்லாதீர்கள். அது எந்தக் கல்லூரியிலும் இடம் கேட்டு நிற்கவில்லை. அந்தத் தம்பிக்குச் சான்று வந்தபோது அந்த வருடச் சேர்க்கை முடிந்திருந்தது. ஒரு வருடம் செங்கல் சூளையில் அப்பாவோடு வேலை செய்துவிட்டு, இப்போது இரண்டாமாண்டு விலங்கியல் படிக்கிறான். பாம்பு பிடிக்க அவனுக்கு இன்னும் தெரியாது. அந்த அண்ணனிடம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறான், ஆய்வுக்கு வேண்டுமாம்.